எக் தீவில் ஊரார் வாழ்வு

பிரிட்டனின் வடபாகமாகிய ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஹெப்ரிடீஸ் என்னும் தீவுக் கூட்டம் சிதறிக் கிடக்கின்றது. இத்தீவுகளுள் இன்று மக்கள் வாழ்வன சிலவே. ஒரு காலத்தில் குடியும் குடித்தனமுமாக இருந்த பல தீவுகளில், இப்பொழுது கூரையிழந்த கற்சுவர்களையும் அவற்றினிடையே மேயும் ஆடுகளையும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு தீவில் ஊர் நிலைத்து நிற்பதும், மற்றொரு தீவில் ஊர் அற்றுப் போவதும் எதனால் என்பது கிராம நிர்வாகத்தில் ஈடுபட்டிருப்போர் ஆராய்ந்து பார்க்கத்தக்க விஷயமாகும். இக்கட்டுரையில் நாம் முக்கியமாகக் காணப் போவது எக் என்னும் சிறு தீவின் அன்றாட வாழ்க்கையை. (இப்பெயர் ஆங்கிலத்தில் முட்டையைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும், ஆனால் முட்டைக்கும் தீவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.) அதற்கு முன்னர், அற்றுப்போன தீவு ஒன்றைப் பற்றியும் சிறிது கூறுதல் அவசியம்.

செயின்ட் கில்டா

வடக்கு யூயிஸ்ட் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், நடுக்கடலில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைத் தீவுகளுக்குச் செயின்ட் கில்டா என்று பெயர். அவற்றுள் ஹிர்ட்டா என்ற ஒன்றில் மட்டுமே மக்கள் குடியிருந்தனர். விளைச்சல் சொற்பம், பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் சிறிதளவு பயிராயின. மரம் என்பது மருந்துக்கும் கிடையாது. கடல் பெரும்பாலான நாட்களில் கொந்தளிப்பாக இருந்தமையால் மீன்பிடித் தொழிலும் நிச்சயமற்றது. எனவே அம்மக்கள் கடற்பறவைகளையே நம்பி உயிர் வாழ்ந்தனர். நூற்றுக்கணக்கான அடி உயரமுள்ள பாறை முகங்களில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் சேகரிப்பார்கள். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்குக்காயிற்று, இறகு நிலச் சொந்தக்காரருக்குச் செலுத்தும் வாரத்திற்காயிற்று.

இத்தீவின் ஆண்மக்கள் காலைதோறும் ஊரின் ஒரே வீதியில் கூடி, அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை யாது என்பதைப் பேசித் தீர்மானித்தனர். தலைவர் என்று எவரும் இல்லை. விதிகளும் எழுதி வைக்கப்படவில்லை. பேச்சு நீண்டு, வேலை தொடங்காமலே நாள் கழிந்ததும் உண்டு என்பர். வெளியூரார் இக்கூட்டத்தை வேடிக்கையாகப் 'பார்லிமெண்டு' என்று அழைத்தனர். ஆயினும் அக்கூட்டத்தின் முடிவுக்கு ஊரார் கட்டுப்பட்டனர் என்பது வேடிக்கையன்று. பறவை பிடிக்கும் பாறைகள் குடும்பங்களுக்குள் பங்கிடப்பட்டன. 1697-இல் அங்குச் சென்று நூல் எழுதிய மார்ட்டின் மார்ட்டின் என்பவர், பாறையில் இறங்கும் நீண்ட கயிறுகள் ஊருக்கே பொதுவாக இருந்தன என்று குறித்திருக்கின்றார். ஓர் உயிர் ஒரு கயிற்றில் தொங்கும் ஊரில், அக்கயிறு தனியார் சொத்தாக இல்லாதிருந்தது பொருத்தமே.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் அவ்வூர் நிலைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளுள் பெரும் பகுதி சில தினங்களிலேயே இசிவு நோயால் மாண்டன. 1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் பலர் வழியிலேயே இறந்தனர். முதல் உலக யுத்தத்தின்போது கடற்படையினர் அங்கே நிலையம் அமைத்து, கம்பியில்லாத் தந்தியும் ஒழுங்கான கப்பல் போக்குவரத்தும் ஏற்படுத்தினர். யுத்தம் முடிந்ததும் அவை நின்றுவிட்டன. வெளியுலக வசதியைக் கண்டுவிட்ட இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். படகு தள்ளவும் பாறை இறங்கவும் போதிய ஆள் இல்லாத நிலை வந்தது. 1930 மே மாதத்தில், தங்களை வேறிடத்திற்கு அழைத்துச் செல்லுமாறு எஞ்சியிருந்தோர் அரசாங்கத்துக்கு மனுச் செய்துகொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி, கடைசி 36 பேரையும் ஹேர்பெல் என்னும் கடற்படைக் கப்பல் ஏற்றிச் சென்றது. புறப்படு முன்னர் வீடுதோறும் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் சிறிது தானியமும் இட்டுவிட்டு, கதவைச் சாத்திச் சென்றனர் என்று சொல்லப்படுகின்றது. மரத்தையே கண்டறியாத அம்மனிதர்களுள் பலருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை, பெருநிலத்தில் காடு வளர்க்கும் வேலை! நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் உதவியும் சில சமயங்களில் இவ்வாறு அமைந்துவிடுகின்றது. அத்தீவில் பிறந்து, அன்று கப்பலேறியவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர் 2016-இல் காலமானார்.

காலைக் கூட்டத்தில் அவர்கள் தீர்மானிக்கக் கூடியவை எவை, தீர்மானிக்க முடியாதவை எவை என்று பார்த்தல் வேண்டும். எந்தப் பாறையில் இறங்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது. நிலம் அவர்களுடையதன்று, அது தலைமுறை தலைமுறையாக ஸ்கை தீவைச் சேர்ந்த ஒரு பிரபுவின் குடும்பத்துக்கு உரியது. படகுத் துறை கட்டுவதும், மருத்துவ உதவி வருவிப்பதும், தபால் கப்பல் விடுவதும் அவர்கள் கையில் இல்லை. எக் தீவின் கதையைப் படிக்கும்போது இதனை மனத்தில் வைத்துக்கொள்வோமாக.

எக் தீவின் நிலம்

எக், செயின்ட் கில்டாவைப் போல நடுக்கடலில் உள்ளதன்று. ஸ்கை என்னும் பெருந்தீவுக்குத் தெற்கே, ரம், மக், கன்னா ஆகிய மூன்று தீவுகளுக்கு அண்டையில் உள்ளது. மாலேக் துறைமுகத்திலிருந்து நேராக வந்தால் கப்பலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். நீளம் சுமார் ஒன்பது கிலோமீட்டர், அகலம் ஐந்து கிலோமீட்டர், பரப்பு ஏறத்தாழ 7,500 ஏக்கர். தென்பாகத்தில் ஆன் ஸ்கூர் என்ற கரும்பாறை 393 மீட்டர் உயரத்துக்கு மதிலைப் போல் எழுந்து நிற்கின்றது. மழைக்குக் குறைவில்லை, காற்றுக்கோ ஓய்வில்லை. மார்கழி மாதத்தில் பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரமே நீடிக்கின்றது. ஜூன் மாதத்திலோ பகல் பதினெட்டு மணி நேரத்தை எட்டுகின்றது.

1841-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அக்காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பிரபுக்கள், குடிகள் தரும் சிறு வாரத்தைக் காட்டிலும் ஆட்டுப் பண்ணைக்குக் கிடைக்கும் குத்தகை பெரிதெனக் கண்டு, கிராமம் கிராமமாகக் குடிகளை அப்புறப்படுத்தினர். எக்கில் ஆன் ஸ்கூர் பாறையின் அடிவாரத்தில் இருந்த குரூலின் என்னும் ஊரும் 1853-இல் அவ்வாறு காலி செய்யப்பட்டது. ஆட்டுப் பண்ணைக் குத்தகைக்கு வந்தவர் ஆளில்லா நிலத்தை வேண்டியமையால், பதினான்கு குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் வீடுகளின் சுவர்கள் இன்றும் புல்லினிடையே காணக் கிடக்கின்றன.

இந்த அநீதிக்கு எதிராக மலைநாட்டிலும் தீவுகளிலும் கிளர்ச்சிகள் எழுந்தன. அதன் பயனாக 1886-இல் குரோஃப்ட் நிலச் சட்டம் பிறந்தது. குரோஃப்ட் என்பது சில ஏக்கர் சாகுபடி நிலமும், ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்கும் சேர்ந்த சிறு குடிவாரப் பண்ணையாகும். வாரத்தை ஒழுங்காகச் செலுத்தி வரும் குடியை வெளியேற்றலாகாது. நியாயமான வாரத்தை ஒரு கமிஷன் நிர்ணயிக்கும். குடி கட்டிய வீட்டுக்கும் செய்த அபிவிருத்திக்கும் ஈடு கொடுக்க வேண்டும். பாத்தியம் வாரிசுக்கு இறங்கும். இவை அச்சட்டத்தின் முக்கிய அம்சங்கள். எக் தீவின் வடமேற்கில் கிளீடேல் என்னும் பகுதியில் இன்றும் இத்தகைய குரோஃப்டுகள் உள்ளன.

பொது மேய்ச்சல் நிலத்தை இவர்கள் ஆளும் முறையை நமது வாசகர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று. மேய்ச்சல் நிலம் வேலியிட்டுப் பங்கிடப்படுவதில்லை. அந்நிலம் எத்தனை கால்நடைகளைத் தாங்கும் என்பதை முதலில் மதிப்பிடுகின்றனர். பின்னர் ஒவ்வொரு குரோஃப்டுக்கும் இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று உச்சவரம்பு வகுக்கின்றனர். ஒரு மாட்டுக்கு எத்தனை ஆடுகள் ஈடு என்பதும் வகுக்கப்பட்டிருக்கும். மாடு வையாதவர் அக்கணக்கில் ஆடு வைக்கலாம். இந்தப் பங்குக்கு அவர்கள் மொழியில் 'சூமிங்' என்று பெயர். பங்குதாரர்கள் ஒரு மேய்ச்சல் கமிட்டியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஓர் எழுத்தரையும் அமர்த்துகின்றனர். வேலி பழுது பார்த்தல், பொதுக் காளை, மந்தை கூட்டும் நாள் ஆகியன அந்தக் கமிட்டியின் பொறுப்பு. மேய்ச்சல் நிலம் எல்லோருக்கும் பொது என்று சொல்லி அளவு வகுக்காமல் விட்டுவிட்டால், அதிக மந்தை உடையவனுக்கே அது பொது ஆகும். அளவை வகுத்து, அதனைக் கண்காணிக்கும் பொறுப்பையும் பயன்படுத்துவோரிடமே விட்டிருப்பதுதான் இம்முறையின் உயிர்நிலை என்பது நமது கருத்து.

ஆனால் எக் தீவின் பெரும்பாகம் குரோஃப்ட் நிலமன்று. மற்றைய நிலமும், வீடுகளில் பெரும்பாலானவும், காடும், துறையும் ஒரே உடைமையாளர் கையில் இருந்தன. அவற்றில் குடியிருந்தோருக்கு 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. நல்ல உடைமையாளர் வாய்த்தால் தீவு செழித்தது. அல்லாதவர் வாய்த்தால் தேய்ந்தது. 1966-க்குப் பின் முப்பது ஆண்டுகளில் தீவு பல கைகள் மாறிற்று. நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் இல்லாமையால், ஒழுகும் கூரையைத் தம் பணத்தில் மாற்றவும் குடியிருப்போர் அஞ்சினர். மாற்றிய மறுநாளே காலி செய்யச் சொன்னால் என் செய்வது? கடனுதவியும் கிடைப்பதில்லை, பத்திரம் இல்லாதவனுக்கு எவர் கடன் கொடுப்பார்? தொழில் தொடங்க நினைத்த இளைஞர்கள் பெருநிலத்துக்குச் சென்றனர். 1990-களின் நடுவில் மக்கள் தொகை அறுபது சொச்சமாகக் குறைந்திருந்தது. செயின்ட் கில்டாவின் வழியே எக்கும் சென்றுகொண்டிருந்தது.

ஊரார் வாங்கிய தீவு

இந்நிலையில் தீவார் ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர். தீவையே விலைக்கு வாங்கிவிடுவது என்பதே அது. குடியிருப்போர் சங்கம், ஹைலண்ட் கவுன்சில் என்னும் ஜில்லா மன்றம், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறநிலையம் ஆகிய மூன்றும் கூடி எக் தீவு மரபுரிமை அறக்கட்டளையை அமைத்தன. தீவு 1995-இல் ஒரு ஜெர்மானிய ஓவியருக்கு விற்கப்பட்டிருந்தது. அவர் கடனைச் செலுத்தத் தவறவே, தீவு மீண்டும் விற்பனைக்கு வந்தது. முதலில் கேட்கப்பட்ட விலை 20 லட்சம் பிரிட்டிஷ் பவுன். அறுபத்து சொச்சம் பேர், அதிலும் நிலமற்றோர், இத்தொகைக்கு எங்கே போவர்?

அவர்கள் பொதுமக்களிடம் கையேந்தினர். ஏறத்தாழ பதினாயிரம் பேர் நன்கொடை அனுப்பினர். இங்கிலாந்தின் வடபாகத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், தம் பெயர் வெளியிடப்படலாகாது என்ற நிபந்தனையுடன், பத்து லட்சம் பவுனுக்கு அண்மையான தொகையை வழங்கினார். முடிவில் 15 லட்சம் பவுனுக்கு விலை படிந்தது. 1997 ஜூன் 12-ஆம் தேதி தீவு அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டித் தீவார் பொது மண்டபத்தில் இசையும் நடனமுமாக விடிய விடியக் கொண்டாடுகின்றனர்.

நிலம் கைக்கு வந்ததும் அறக்கட்டளை செய்த வேலைகளுள் முக்கியமானது, குடியிருப்போருக்கும் பண்ணை நடத்துவோருக்கும் நிலையான குத்தகை கொடுத்தது. அதன் பின்னரே கூரைகள் மாறின. புது வீடுகள் எழுந்தன. 1998-இல் படகுத் துறையருகே பலசரக்குக் கடை, சிற்றுண்டிச் சாலை முதலியவற்றுக்கு ஒரே கட்டடம் எழுப்பினர். 2003-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், தங்கள் நிலம் விற்பனைக்கு வரும்போது அதனை முதலில் வாங்கும் உரிமையைக் கிராம சமூகங்களுக்கு அளித்தது. 1993-இல் அசின்ட் பகுதிக் குடிகள் தம் நிலத்தை வாங்கியதும் எக் தீவார் செய்ததும் அச்சட்டத்துக்கு வழி கோலின. கிகா தீவார் 2002-இலும், உல்வா தீவு மக்கள் 2018-இலும் தத்தம் தீவுகளை ஊருடைமை ஆக்கிக்கொண்டனர்.

அன்றாடம்

இனி, இத்தீவில் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்பதைப் பார்ப்போம். கப்பல் வரும் நாளா, வாராத நாளா என்பதே முதற் கேள்வி. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே கப்பல் வருகின்றது. மாவும் தீவனமும், தபாலும் மருந்தும், கட்டடச் சாமானும் பிரயாணிகளும் அதில்தான் வர வேண்டும். 2004-க்கு முன்னர் கப்பல் துறையை அணுக முடியாமல் கடலிலேயே நிற்கும். ஆளையும் பொருளையும் சில சமயம் ஆட்டையும்கூடச் சிறு படகுக்கு மாற்றிக் கரை சேர்ப்பார்கள். அவ்வாண்டில் புதிய துறை கட்டப்பட்டபின் கப்பல் நேரே வந்து பலகை இறக்குகின்றது. குளிர்காலப் புயலில் நாட்கணக்கில் கப்பல் வாராமற் போவதும் உண்டு. ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் சில வாரத்துக்கு வேண்டிய உணவுப் பொருள் சேமிப்பில் இருக்கும்.

ஒருவர் ஒரு தொழிலைக் கொண்டு இங்குப் பிழைத்தல் அரிது. கப்பல் வரும்போது கயிறு பிடித்துக் கட்டுபவரே, பிறகு ஆடுகளைப் பார்க்கச் செல்வார். பிற்பகல் தச்சு வேலை செய்வார். கோடையில் விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடுவார். ஸ்காட்லாந்துத் தீவுகள் அனைத்திலும் இதுவே வழக்கம். இதனை வறுமையின் அடையாளமாகக் கொள்ளுதல் சரியன்று. நூறு பேர் மட்டுமே உள்ள ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முழு ஆளை வைத்திருக்க இயலாது. ஒவ்வொரு வேலையும் நடந்தாகவும் வேண்டும். வீடுகளைச் சூடாக்கப் பெரிதும் விறகையே எரிக்கின்றனர்; தீவின் காட்டிலிருந்தே அது கிடைக்கின்றது. காடு ஊருடைமையாதலால் எதை வெட்டுவது, எங்கே நடுவது என்பதும் ஊரார் தீர்மானமே.

தீவில் ஓர் ஆரம்பப் பாடசாலை உண்டு. மேற்படிப்புக்குப் பிள்ளைகள் மாலேக் நகரப் பள்ளிக்குச் செல்ல வேண்டும்; நாள்தோறும் போய்வர இயலாது; ஆகவே பள்ளி நாட்களில் அங்கேயே தங்குகின்றனர். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளையைப் பிரிந்திருப்பது தாய்மாருக்கு எளிதன்று. இக்காரணத்தாலேயே தீவை விட்டுச் சென்ற குடும்பங்கள் அந்நாட்டில் பல. கடும் நோய் கண்டால் ஹெலிகாப்டரையோ உயிர்காப்புப் படகையோ அழைக்க வேண்டும்.

ஐந்து கிலோவாட்

எக் தீவுக்குப் பெருநிலத்திலிருந்து மின்சாரக் கம்பி வரவில்லை. கடலடியில் கேபிள் இட்டுக் கொணர்வதற்கான செலவு மிகப் பெரிது. ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் டீசல் இயந்திரம் வைத்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓட்டி வந்தனர். எண்ணெயோ கப்பலில் வர வேண்டும். ஓசையோ பொறுக்க இயலாது. இரவில் இயந்திரத்தை நிறுத்தினால் குளிர்ப்பதனப் பெட்டியும் நின்றுவிடும். 2008 பிப்ரவரி 1-ஆம் தேதி இந்நிலை மாறிற்று. அறக்கட்டளைக்குச் சொந்தமான எக் எலக்ட்ரிக் என்னும் ஸ்தாபனம் அன்று தீவு முழுமைக்கும் இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. செலவு ஏறத்தாழ 16 லட்சம் பவுன். பெரும்பாகம் ஐரோப்பிய நிதியிலிருந்தும் பிற மானியங்களிலிருந்தும் வந்தது.

இதன் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்போம். மலையிலிருந்து இறங்கும் ஓடையைக் குழாயில் அடக்கி உருளையைச் சுழற்றும் நீர் மின் நிலையம் லேக் என்னுமிடத்தில் உள்ளது. அதன் திறன் 100 கிலோவாட். வேறு இரண்டு சிற்றோடைகளில் சிறு இயந்திரங்கள் உள்ளன. ஆன் ஸ்கூர் அடிவாரத்தில் தலைக்கு 6 கிலோவாட் திறனுள்ள காற்றாலைகள் நான்கு நிறுவப்பட்டன. சூரிய ஒளித் தகடுகள் முதலில் 10 கிலோவாட் அளவுக்கு இருந்து, பின்னர்ப் பன்மடங்கு பெருக்கப்பட்டன. குளிர்காலத்தில் மழையும் காற்றும் மிகுதி, வெயில் இல்லை. கோடையின் தொடக்கத்தில் ஓடை வற்றும், அப்பொழுது வெயில் மிகுதி. ஒன்று குறையும்போது மற்றொன்று கைகொடுக்கின்றது. ஒரு நாளைத் தாங்கக் கூடிய பாட்டரி வரிசையும், எல்லாம் பொய்த்தால் ஓட்டுவதற்கு இரண்டு டீசல் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆண்டு முழுமைக்கும் தேவைப்படும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகத்துக்கு மேல் நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்தே கிடைத்து வந்திருக்கின்றது. கம்பிகள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கடியில் செல்வதால், புயலில் கம்பம் சாய்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இயந்திரங்களைப் பணம் இருந்தால் எவரும் வாங்கலாம். அவற்றை ஊரார் எவ்வாறு பங்கிட்டனர் என்பதே நாம் அறிய வேண்டியது. ஒரு வீடு ஒரே சமயத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுத்தல் கூடாது. தொழிற்கூடமாயின் 10 கிலோவாட். பெரிய வீடாயினும் சிறிய வீடாயினும் அளவு ஒன்றே. தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெண்டியையும் துணி வெளுக்கும் இயந்திரத்தையும் ஒரே சமயத்தில் போட்டாலே ஐந்து கிலோவாட்டை எட்டிவிடும். மீறினால் அந்த வீட்டின் மின்சாரம் மட்டும் தானே அறுந்துவிடும். பராமரிப்புக் குழுவினரை அழைத்து, ஒரு சிறு கட்டணமும் செலுத்திய பின்னரே மீண்டும் இணைப்புக் கிடைக்கும். அக்குழுவினர் வெளியூர் உத்தியோகஸ்தர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தீவுவாசிகளே. அபராதம் கட்டுவதைக் காட்டிலும், இரவு நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை மழையில் வரவழைக்கும் வெட்கமே பெரிய தண்டனை என்று நமக்குத் தோன்றுகின்றது.

இந்த வரம்பு ஏன் வேண்டும்? மின்சாரத்தில், மொத்தத்தில் எவ்வளவு செலவழிகின்றது என்பதோடு, ஒரே நேரத்தில் எல்லோரும் எவ்வளவு இழுக்கின்றனர் என்பதும் முக்கியம். சமையல் வேளையில் எல்லா வீடுகளும் தாராளமாக இழுத்தால், அந்த ஒரு மணி நேரத்துக்காக இரு மடங்கு இயந்திரம் நிறுவ வேண்டியிருக்கும். அந்தச் செலவைத் தீவு தாங்காது. விலையை உயர்த்தியும் உபயோகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று சிலர் சொல்லக் கூடும். ஆனால் விலை உயர்வு ஏழையை மட்டுமே கட்டுப்படுத்தும். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பது மேய்ச்சல் நிலத்து மந்தைப் பங்கு போன்றதே.

ஓடை வற்றிக் காற்றும் ஓய்ந்திருக்கும் நாட்களில், செலவைக் குறைத்துக்கொள்ளுமாறு ஊராருக்கு அறிவிப்புச் செய்கின்றனர். துணி வெளுப்பதை மறுநாளைக்குத் தள்ளி வைப்பார்கள். மாறாக, மழையும் காற்றும் மிகுந்து பாட்டரிகள் நிறைந்துவிட்டால், மிஞ்சும் மின்சாரம் வீணாவதில்லை. பொது மண்டபம், தேவாலயம், துறைமுகக் கட்டடம் முதலிய பொது இடங்களின் வெப்பச் சாதனங்களுக்குத் தானே சென்றுவிடுகின்றது. புயல் அடிக்கும் இரவில் ஊர் மண்டபம் செலவின்றிக் கதகதப்பாக இருக்கும். 2010-இல் இத்திட்டத்துக்கு ஆஷ்டன் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் சச்சரவின்றி நடந்துவிடவில்லை. சிற்றூரில் கூட்டம் என்றால் என்னவென்பது நமது பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறக்கட்டளை, குடியிருப்போர் சங்கம், மின்சார ஸ்தாபனம், மேய்ச்சல் கமிட்டி என்று குழுக்கள் பல, ஆட்களோ சிலர். அதே முகங்களே எல்லா மேசைகளைச் சுற்றியும் அமர வேண்டியிருக்கின்றது. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. சலிப்பு ஏற்பட்டு விலகுவோரும் உளர். இயந்திரங்களுக்கும் வயதாகின்றது, பாட்டரிகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும், அதற்குரிய நிதியை மின்சாரக் கட்டணத்திலிருந்தே சேர்த்து வைக்க வேண்டியிருக்கின்றது. முதன்முறை மானியம் கொடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் கொடுப்பார்கள் என்று இருந்துவிட இயலாது.

மற்றொரு கஷ்டம், குடிவர விரும்புவோர் பலராயிருந்தும் வீடுகள் குறைவாயிருப்பது. படிப்புக்காகச் சென்ற தீவின் பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து வீடு கட்டிக் குடியேறியிருக்கின்றனர். பிறந்த ஊரில் மனை கேட்பவர்களுக்கும் புதிதாக வருவோர்க்கும் எந்த முறையில் இடம் ஒதுக்குவது என்பது எளிதில் தீர்கின்ற விஷயமன்று. எனினும் 1997-இல் அறுபது சொச்சமாக இருந்த மக்கள் தொகை இப்பொழுது நூறைத் தாண்டியிருக்கின்றது. மனைக்கு ஆள் தேடும் கவலை போய், ஆளுக்கு மனை தேடும் கவலை வந்திருக்கின்றது.

கப்பல் ஒன்றே இன்னும் அவர்கள் கைக்கு வராதது. அதனை நடத்துவது ஸ்காட்லாந்து அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனி. 2000-இல் பணிக்கு வந்த லாக்நெவிஸ் என்னும் கப்பலே நான்கு தீவுகளுக்கும் சென்று வருகின்றது. நேர அட்டவணை எக் தீவின் கூட்டத்தில் எழுதப்படுவதில்லை. கப்பல் பழுதானாலோ கடல் சீறினாலோ, கட்டிய மூட்டைகளை அவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கப்பல் எப்பொழுது என்று மாலேக்கிலிருந்து வரும் அறிவிப்புக்காகத் தீவார் காத்திருக்கின்றனர்.